கீழாநெல்லியும் கல்லீரல் புற்றும்

மஞ்சள் காமாலை என்று சொன்னால் போதும், சேர்வராயன் மலையில் இருந்தாலும் சரி, கீழே சேலத்தில் இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியம் வேறு. பெரும்பாலானவர்களுக்குக் குணமும் ஆகிறது. இந்தச் செடி 1988-ல் லண்டன் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் ஏறிய கதை நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையின் மறுமுனையில் இருப்பது புற்றுநோய்.

காமாலை என்பது ஓர் அடையாளம்தான். அதன் பின்னால் இருக்கும் நோய்கள் பல. கெட்ட தண்ணீரால் பரவும் ஏ, ஈ வகை வைரஸ்களின் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். கீழாநெல்லிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பி வகை வேறு ஜாதி. ரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருவது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். முப்பது நாற்பது வருஷம் ஒரு தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம். பிறகு சிலருக்குக் கல்லீரல் சுருங்கும். சிலருக்குக் கட்டி வரும்.

இதைக் கண்டுபிடித்த பரூக் பிளம்பெர்க் இதைத் தேடிப் போனவரே இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதம் எப்படி வேறுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர். 1963-ல், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் ரத்தநீர், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தநீரோடு வினைபுரிந்தது. அந்தப் பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயர் வைத்தார்கள். அது காமாலை வைரஸின் மேலுறை என்று தெளிய மேலும் சில வருஷங்கள் ஆயின. 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய்த் தொடர்புக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் செனகலில், டக்கார் நகரில் இருந்த பாயே என்ற பிரெஞ்சு மருத்துவர், கல்லீரல் அழற்சிக்கும் புற்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக 1950-களிலேயே சொன்னார். அவர் பிரெஞ்சில் எழுதியதால்தான் பலர் படிக்கவில்லையோ என்று, பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற முறையில், எனக்கு ஒரு சந்தேகம். பிளம்பெர்க் படித்தார். இரு தரப்பும் சேர்ந்து செனகலில் ஆராய்ந்து 1976-ல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி: கல்லீரல் புற்று வந்தவர்களின் தாய்மார்களிடம் இந்த வைரஸ் மற்றத் தாய்மார்களைவிட அதிகம்.

அசைக்க முடியாத சாட்சி தைவானிலிருந்து வந்தது. பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள்! அவர்களுக்கு அரசுக் காப்பீடு இருந்ததால் யார் எப்போது எதனால் இறந்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். கல்லீரல் புற்றால் இறந்தவர்கள் 41 பேர்; அதில் 40 பேர் பி வைரஸ் உடையவர்கள். 1981-ல் இது லான்செட்டில் வந்தது. குமாஸ்தாவின் கோப்பு எதற்கும் உதவாது என்று கேலி செய்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

சரி, வைரஸ் எப்படிப் புற்றை உண்டாக்கும்? இங்கே ஒரு கோழி வருகிறது. 1911-ல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்கள் நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 55 வருஷம் கழித்து, 1966-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வைரஸில் இருந்த புற்று ஜீன், அதாவது ஆங்கோஜீன், வைரஸின் சொந்தச் சரக்கல்ல, ஆரோக்கியமான கோழியின் செல்லிலேயே அதன் மூலம் இருக்கிறது என்று 1976-ல் கலிபோர்னியாவில் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் பிரெஞ்சுக்காரர் டொமினிக் ஸ்டெஹெலினுடையது. 1989-ல் பரிசு மற்ற இருவருக்கு மட்டும் போனபோது அவர் வெளிப்படையாகவே வருந்தினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பேன்.

பி வைரஸ் ஆங்கோஜீனைச் சுமந்து வருவதில்லை. ஆனால் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ-வுக்குள் தன் துண்டுகளைச் செருகிவிடுகிறது, பதிவேட்டின் நடுவில் வேற்றுத் தாளைச் செருகுவது போல. 1986-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆன் தெஜான் குழு, ஒரு நோயாளியின் கட்டியில் அது செருகிய இடத்தைப் படித்தது. கோழிக்கு ரத்தப் புற்று தரும் இன்னொரு வைரஸின் ஆங்கோஜீனை ஒத்த மனித ஜீன் அங்கே இருந்தது. எல்லாக் கட்டியிலும் அதே இடமல்ல. செல்கள் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பதும் வருஷக்கணக்கில் நடக்கிறது. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் பிழை சேரலாம்.

இந்த நேரத்தில்தான் கீழாநெல்லி. பிளம்பெர்க்கின் பிலடெல்பியா ஆய்வகத்தில் வெங்கடேஸ்வரன் முதலானோர், அதன் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் நொதியைத் தடுக்கிறது என்று 1987-ல் எழுதினார்கள். மறு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் (பின்னாளில் அதன் துணைவேந்தர்) குழு, பிளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட்டில் முடிவை வெளியிட்டது. வைரஸ் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஆன்டிஜன் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

எவ்வளவு பெரிய நம்பிக்கை! நம் வரப்போரச் செடி ஒரு புற்றுநோயின் வேரையே பிடுங்கப் போகிறது என்றல்லவா தோன்றும்? ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி ஒன்றுதானா என்பதே கேள்வி: கீழாநெல்லி ஜாடையில் பல செடிகள் உண்டு, நம் செடிக்கே தாவர நூல்களில் வெகுகாலம் அமெரிக்கச் செடியின் பெயர் இருந்தது. காரணம் எதுவானாலும், பி வைரஸை நம்பி ஒப்படைக்கும் மருந்தாக அது நிலைபெறவில்லை. சென்னைக் குழு முறையாக ஒப்பிட்டுச் சோதித்ததால்தான் மற்றவர்களும் அதைச் சரிபார்க்க முடிந்தது. அந்தப் பெருமை அவர்களுக்குக் குறையாது.

காரியத்தைச் சாதித்தது தடுப்பூசி. பிரான்சில் தூர் நகரத்து பிலிப் மோப்பா மனிதருக்குப் போட்டு 1976-ல் முடிவை வெளியிட்டார். 1981-ல் கார் விபத்தில் இறந்துபோனார். தைவான் 1984-ல் பிறக்கும் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது. பத்து வருஷத்தில் அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இங்கே ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலாவதாக ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தொடங்கின. அதில் இதுவும் ஒன்று.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. ரத்தப் பரிசோதனை உண்டு. ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். வைரஸ் இருந்தால் அதை அடக்கி வைக்க இன்று மாத்திரை இருக்கிறது. பேரப்பிள்ளை விஷயம் வேறு. பிறந்த அன்றே பிஞ்சுத் தொடையில் ஊசியா என்று பாட்டிகள் தடுப்பதை இந்த மலையிலும் கேட்டிருக்கிறேன். ஐந்து நோய் ஊசி ஆறாவது வாரம்; அதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் 24 மணி நேரத்துக்குள் தனியாகப் போடுகிறார்கள். வைரஸ் கைமாறுவது பிரசவ நேரத்தில். நாள் தள்ளிப் போட்டால் அது முந்திக்கொள்ளும்.