ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் நம் பிள்ளைகளின் வேலையும்

புதுச்சேரி, காரைக்கால் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கால் இங்கும் ஒரு கால் பிரான்சிலும் இருக்கிறது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இங்கிருந்தோர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. அப்படித் தேர்ந்துகொண்டவர்கள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ‘சொல்தா’க்கள் ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிசைச் சுற்றிலும் பல வேலைகளில் இருக்கிறார்கள். இங்கேயே தங்கிவிட்ட இளைஞர்களில் பலர் ஐரோப்பிய நிறுவனங்களுக்காக மென்பொருள், கணக்கு, அழைப்பு மையம் போன்ற பணிகளைச் செய்கிறார்கள்.

ஆகவே, செயற்கை நுண்ணறிவு பற்றி ஐரோப்பா இயற்றும் சட்டம் நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, அதை ஏன் தளர்த்தக் கோருகிறார்கள், அதனால் வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு என்ன என்பதை இங்கே தொகுத்துப் பார்ப்போம்.

சட்டம் பிறந்த கதை

ஐரோப்பிய ஆணையம் 2021 ஏப்ரலில் இதன் வரைவை முன்வைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 மார்ச் 13 அன்று 523 வாக்குகள் ஆதரவாகவும் 46 வாக்குகள் எதிராகவும் அதை ஏற்றது. 2024 ஆகஸ்டு 1 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. எனினும் அதன் பிரிவுகள் ஒரே நாளில் செயலுக்கு வருவதில்லை. தடைகள் 2025 பிப்ரவரி 2 முதலும், சாட்ஜிபிடி போன்ற பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்டு 2 முதலும் தொடங்கின. மீதமுள்ளவற்றில் பெரும்பகுதிக்கு மூலச் சட்டம் குறித்த நாள் 2026 ஆகஸ்டு 2.

ஒரு கருவியால் மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வைத்தே சட்டம் அதை வகைப்படுத்துகிறது. மிகக் கொடியவை தடை செய்யப்பட்டுள்ளன. அடுத்த நிலையில் உள்ள ‘அதிக ஆபத்து’க் கருவிகள் கடும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்படுகின்றன. அதற்கும் கீழே உள்ளவை, நீங்கள் பேசுவது இயந்திரத்துடன் என்பதைத் தெரிவித்தால் போதும். மற்றவற்றுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. தடையை மீறும் நிறுவனத்துக்கு 3.5 கோடி யூரோ அல்லது அதன் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

எவையெல்லாம் தடை?

முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைக் கொண்டு ஒருவரின் இனம், மதம், அரசியல் கருத்து, தொழிற்சங்க உறுப்பினரா என்பவற்றை ஊகித்து வகைப்படுத்தும் கருவிகளுக்குத் தடை உள்ளது. இது நம் சமுதாயத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய பிரிவு. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகபாவத்தை வைத்து மனநிலையை ஊகிக்கும் கருவிகளும் கூடாது; மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இணையத்திலிருந்து முகப்படங்களைக் கண்மூடித்தனமாக அள்ளித் தரவுத்தளம் அமைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஓட்டைகளும் இருக்கின்றன. காவல்துறைக்குச் சில விதிவிலக்குகள் தரப்பட்டுள்ளன. எல்லைக் கட்டுப்பாட்டுக்கான பெருந்தரவுத்தளங்கள் சட்டத்துக்கு இணங்க 2030 இறுதி வரை அவகாசம் பெற்றுள்ளன. விசா விண்ணப்பத்தை ஆராயும் கருவிகள் தடை செய்யப்படவில்லை. ‘அதிக ஆபத்து’ப் பட்டியலில்தான் வைக்கப்பட்டுள்ளன. பிரான்சுக்கு விசா கோரும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வேலைக்கான பாதுகாப்பு

விண்ணப்பங்களை வடிகட்டுவது, பதவி உயர்வையோ பணிநீக்கத்தையோ முடிவு செய்வது, வேலையைப் பங்கிடுவது, ஊழியரைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்கான கருவிகள் யாவும் ‘அதிக ஆபத்து’ வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செய்பவர் தரவின் தரத்தைச் சோதிக்க வேண்டும். பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். மனிதர் ஒருவர் மேற்பார்வையிட்டுத் தேவைப்பட்டால் தடுத்து நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். பணியிடத்தில் இவற்றைப் புகுத்தும் முன் ஊழியர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் முதலாளி தெரிவித்தாக வேண்டும்.

இதோடு வேறு இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முற்றிலும் இயந்திரமே எடுத்த முடிவுக்கு ஒருவரை உட்படுத்த முடியாது; சில விலக்குகள் இருந்தாலும் மனிதத் தலையீட்டைக் கோரும் உரிமை உண்டு. உணவு விநியோகம், வாடகைக் கார் போன்ற செயலி வழி வேலைகளுக்காக 2024 இல் இயற்றப்பட்ட நெறிமுறையை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2க்குள் தம் சட்டமாக்க வேண்டும். ஓட்டுநரின் கணக்கை முடக்குவது, வேலையை விட்டு நீக்குவது போன்ற முடிவுகளை இனி செயலி தானாக எடுக்க முடியாது. ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும்.

பிரான்சில் நிறுவனங்களின் பணியாளர் குழுவுக்குப் புதிய தொழில்நுட்பம் குறித்துக் கலந்தாலோசிக்கப்படும் உரிமை ஏற்கெனவே உள்ளது. அந்தக் கலந்தாலோசனை முடியும் முன்பே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஒரு நிறுவனத்தை, நாந்தேர் நீதிமன்றம் 2025 பிப்ரவரி 14 அன்று நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டது. காகிதத்தில் உள்ள உரிமை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் என்பதற்கு இது சான்று.

நெதர்லாந்து தந்த பாடம்

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று கேட்போர் நெதர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோரை வரித்துறை மோசடிக்காரர்களாக நடத்தியது. யாரைச் சந்தேகிப்பது என்று கணிக்கும் முறையில் குடியுரிமையும் ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டோரில் துருக்கி, மொராக்கோ வழிவந்தோர் கணிசமானோர். வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னதால் குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் பறிபோயின. உண்மை வெளிவந்தபின் 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டே அமைச்சரவையே பதவி விலகியது.

அந்தப் பெற்றோரிடம் ‘உங்கள் மதம் இது, அதனால் சந்தேகிக்கிறோம்’ என்று எவரும் சொல்லவில்லை. கணினி ஒரு மதிப்பெண் தந்தது. அதிகாரி அதை நம்பினார். காரணம் கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை. பாரபட்சம் இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டால் அதை எதிர்த்து வாதாட எதிரில் ஆளே இருக்காது.

போட்டியில் பின்தங்கும் அச்சம்

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ திராகி 2024 செப்டம்பரில் ஐரோப்பாவின் போட்டித்திறன் குறித்து விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தார். உலகின் முதல் 50 தொழில்நுட்ப நிறுவனங்களில் நான்கு மட்டுமே ஐரோப்பாவைச் சேர்ந்தவை என்றும், ஆண்டுக்குக் கூடுதலாக 75,000 கோடி முதல் 80,000 கோடி யூரோ வரை முதலீடு தேவை என்றும் அதில் கூறினார். விதிகளின் சிக்கல் சிறு நிறுவனங்களை நசுக்குகிறது என்பதும் அவரது குற்றச்சாட்டுகளில் ஒன்று.

2025 பிப்ரவரி 10, 11 தேதிகளில் பாரிசில் நடந்த உச்சி மாநாட்டுக்கு இந்தியாவும் இணைத் தலைமை வகித்தது. அங்கே பிரான்சுக்கு 10,900 கோடி யூரோ முதலீடு வருவதாக அதிபர் மக்ரோன் அறிவித்தார். 20,000 கோடி யூரோ திரட்டப்போவதாக ஐரோப்பிய ஆணையம் சொன்னது. அளவுக்கு மீறிய கட்டுப்பாடு இத்துறையைக் கொன்றுவிடும் என்று அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் அங்கே எச்சரித்தார். மாநாட்டின் கூட்டறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஏர்பஸ், மெர்சிடிஸ் உள்ளிட்ட பெருநிறுவனங்களின் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சட்டத்தை இரண்டாண்டு நிறுத்திவைக்கக் கோரினர். முதலில் மறுத்த ஆணையம், நவம்பரில் தானே ஒரு திருத்தத்தை முன்வைத்தது. வேலைவாய்ப்பு உள்ளிட்ட ‘அதிக ஆபத்து’ப் பிரிவுகளை 2027 டிசம்பர் வரை தள்ளிப்போடலாம் என்பது அதன் சாரம். அதாவது, ஒத்திவைக்கக் கேட்கப்பட்ட பகுதிகளில் உழைப்பவருக்கான பாதுகாப்பும் அடங்கும்.

1936 இன் புதுச்சேரி

சட்டம் வந்தால் தொழில் அழியும் என்ற வாதம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1936 இல் சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பஞ்சாலைகளின் தொழிலாளர்கள் வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டுப் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூனில் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் சம்பளத்துடன் விடுப்பையும் சட்டமாக்கியிருந்தது. அதே கொடி பறந்த புதுச்சேரிக்கு அந்த உரிமை கப்பலேறி வரவில்லை. ஜூலை 30 அன்று தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முதலியோரின் தலைமையில் தொடர்ந்த போராட்டத்தின் பயனாக 1937 இல் எட்டு மணி நேர வேலைக்கான சட்டம் இங்கே வந்தது. ஜூலை 30 இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது.

எட்டு மணி நேரம் வந்ததால் ஆலைகள் மூடப்படவில்லை. அதன்பின் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. ரோடியர் ஆலை பின்னர் ஏ.எஃப்.டி. என்ற பெயரில் அரசுடைமையாகி, 2020 ஏப்ரல் 30 அன்றுதான் மூடப்பட்டது. பழைய இயந்திரங்களும் தொடர் நட்டமும் அதை வீழ்த்தின. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. உழைப்பவருக்கான சட்டம் தொழிலைக் கொல்வதில்லை. அதே நேரத்தில், புதுப்பிக்காமல் விட்ட தொழிலைச் சட்டம் மட்டும் காப்பாற்றவும் முடியாது. திராகியின் கவலையில் நியாயம் இருப்பது இந்த இரண்டாவது இடத்தில்தான். முதலீட்டுக் குறையை உழைப்பவரின் உரிமையில் கைவைத்து ஈடுகட்டலாம் என்பதற்கு அதில் நியாயம் இல்லை.

இந்தியாவின் நிலை

நம் நாட்டில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் மதிப்பில் இந்தியா ஏ.ஐ. திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 நவம்பரில் வெளியான ஆளுகை நெறிகள் வழிகாட்டுதல் மட்டுமே, கட்டாயம் அல்ல. 2023 இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் எடுத்த முடிவை மனிதரிடம் மறுபரிசீலனைக்குக் கொண்டுசெல்லும் உரிமை தரப்படவில்லை.

வேலைச் சந்தையோ வேகமாக மாறுகிறது. உலக வேலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இத்தொழில்நுட்பத்தின் தாக்கத்துக்கு உள்ளாகும் என்று பன்னாட்டு நிதியம் 2024 ஜனவரியில் மதிப்பிட்டது. வளர்ந்த நாடுகளில் அது 60 சதவீதம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய வாடிக்கையாளரை நம்பி இருக்கும் வேலைகளுக்கு அங்கே ஏற்படும் மாற்றம் இங்கே உடனே எதிரொலிக்கும்.

ஒரே வடிகட்டும் மென்பொருள் லியோனில் ஒரு விண்ணப்பத்தையும் புதுச்சேரியில் ஒரு விண்ணப்பத்தையும் நிராகரிக்கலாம். லியோன்காரர் காரணம் கேட்கலாம். மனிதர் பார்க்க வேண்டும் எனக் கோரலாம். புதுச்சேரிக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1936 இல் பாரிசுக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்த இடைவெளி இன்று வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பிரான்சில் வேலை செய்யும் உறவினர்கள் தங்கள் நிறுவனத்தின் பணியாளர் குழு என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் இயந்திரத்தால் நிராகரிக்கப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் எழுத்துமூலம் விளக்கம் கேட்கலாம். அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னீலிடம் முறையிடலாம்.

இங்கே மென்பொருள் படிக்கும் மாணவர்களுக்கு இந்தச் சட்டமே ஒரு வாய்ப்பு. ஒரு கருவியின் முடிவு ஐரோப்பாவில் பயன்படுத்தப்பட்டால், அதை உருவாக்கிய நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் இச்சட்டம் பொருந்தும். ஆகவே சோதனை, ஆவணப்படுத்தல், தரவுத் தணிக்கை தெரிந்தவர்களுக்குத் தேவை கூடும். சட்டமும் பிரெஞ்சு மொழியும் அறிந்த கலைப் பட்டதாரிக்கும் அதில் இடம் உண்டு. ஜமாஅத்துகள் நடத்தும் கல்வி வழிகாட்டி முகாம்களில் பொறியியல், மருத்துவத்தோடு இத்துறையையும் சேர்த்துச் சொல்வது பயன் தரும்.

மூன்றாவதாக, நம் மக்கள் பிரதிநிதிகளிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். வேலை, கடன், உதவித்தொகை, காவல் ஆகிய நான்கிலாவது, இயந்திரம் ஒரு முடிவைச் சொன்னால் அதன் காரணத்தைக் கேட்கவும் ஒரு மனிதரிடம் முறையிடவும் நம் நாட்டிலும் சட்டப்படி உரிமை வேண்டும். அந்த உரிமையை எவரும் தாமாக அனுப்பிவைக்க மாட்டார்கள், கேட்டால்தான் வரும்.