கண்ணாடியில் ஒட்டிய மைலேஜ்: ஒரு பிக்கப் சீட்டுக்கு உரை

அமெரிக்காவில் புது வண்டியை ஜன்னலில் சீட்டு ஒட்டாமல் விற்க முடியாது. 1958-ல் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த சட்டம் முதலில் விலையை எழுத வைத்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மைலேஜும் வந்து சேர்ந்தது. இப்போதுள்ள வடிவம் 2013 மாடல் வண்டிகளிலிருந்து கட்டாயம். பிக்கப் டிரக் வாங்குகிறவர் டீசலா பெட்ரோலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக்கு இழுப்பது இந்தச் சீட்டைத்தான். சாட்சி என்னதான் சொல்கிறது என்று வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

மூலமாக நான் எடுத்துக்கொள்வது 2018 ஃபோர்டு எஃப்-150 சீட்டு: 3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், பின்சக்கர இயக்கம். எதிரே நிறுத்துவது அதே ஆண்டின் 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல். இரண்டும் வி6, இரண்டிலும் டர்போ, இரண்டுக்கும் பத்து கியர் ஆட்டோமேட்டிக். ஒரு கம்பெனி டீசலை இன்னொரு கம்பெனி பெட்ரோலோடு மோதவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. இங்கே பெரும்பாலும் இன்ஜின் மட்டுமே மாறுகிறது. சீட்டின் வாசகங்கள் தமிழில் என்னுடையவை.

"டீசல் வண்டி."

சீட்டின் மேல் ஓரத்தில், எரிபொருள் பம்ப் படத்தோடு இருக்கும் வரி. அடுத்து வரும் எல்லா எண்ணுக்கும் இதுதான் நிபந்தனை, ஆனால் வாங்குகிறவர் கண் இதைத் தாண்டிப் பெரிய எழுத்துக்குப் போய்விடும். ஒரு கேலன் டீசலும் ஒரு கேலன் பெட்ரோலும் அளவில்தான் ஒன்று. டீசல் அடர்த்தி கூடியது. ஒரு கேலனில் பெட்ரோலைவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. ஆகவே டீசல் வண்டி 13 சதவீதம் கூடுதலாக ஓடினால் இன்ஜின் எதையும் சாதித்துவிடவில்லை. எரிபொருள் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஓடினால்தான் டீசல் இன்ஜினுக்குப் பெருமை.

"25 — நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து. நகரம் 22. நெடுஞ்சாலை 30."

கேலனுக்கு மைல் கணக்கு. நம் கணக்கில் 25 என்பது லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் சொச்சம். எதிரே நிற்கும் பெட்ரோலின் சீட்டில் 20, 26, சேர்த்து 22.

விளம்பரத்துக்குப் போனது 30 என்ற எண். முழு அளவு பிக்கப் ஒன்று 30 தொட்டது என்பது அப்போது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த 30 பின்சக்கர இயக்கத்துக்கு மட்டும். நான்கு சக்கர இயக்கம் கேட்டால் அதே டீசல் சீட்டு 20, 25, சேர்த்து 22 என்று இறங்கிவிடும். பனி விழும் மாநிலத்தில் டீசல் பிக்கப் கேட்கிறவர் எதை வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

சேர்த்து எழுதிய 25-ஐக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். நகரத்துக்கு 55 சதவீதம், நெடுஞ்சாலைக்கு 45 சதவீதம் என்று பங்கு பிரிக்கிறார்கள். மைலேஜைக் கூட்டி வகுப்பதில்லை. ஒவ்வொரு மைலுக்கும் செலவான எரிபொருளைக் கூட்டுகிறார்கள். நேராகச் சராசரி எடுத்தால் 25.6 வரும், எரிபொருளைக் கூட்டிப் பார்த்தால் சரியாக 25. சீட்டின் எண்களுக்குப் பொறுப்பான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நியாயமாகத்தான் கணக்கு போடுகிறது.

இப்போது முந்தைய வரியின் நிபந்தனையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 25-ஐ 1.13 ஆல் வகுத்தால் 22.1. பெட்ரோலின் எண் 22. ஆக, சோதனைக்கூடத்துக்குள் இரண்டு இன்ஜினும் ஒரே அளவு ஆற்றலைத் தின்று ஒரே தூரம் ஓடியிருக்கின்றன. மூன்று மைல் முன்னிலை முழுவதும் எரிபொருளின் அடர்த்தியில் கரைந்துவிட்டது.

டீசல் இன்ஜின் அடிப்படையில் சிக்கனமானது என்று படித்தவர்களுக்கு இது இடிக்கும். படித்தது பொய்யில்லை. இந்த டீசலின் அழுத்த விகிதம் 16-க்கு 1. பெட்ரோலுடையது 10-ஐ ஒட்டி. டீசலில் காற்றை நெரித்து உள்ளே விடும் த்ராட்டில் வேலை கிடையாது. தேவைக்கு ஏற்ப எரிபொருளை மட்டும் குறைத்துக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றை உறிஞ்சுவதற்கே கொஞ்சம் சக்தியை வீணாக்கும். ஈகோபூஸ்ட் இந்த நஷ்டத்தைச் சமாளித்த வழி, இன்ஜினைச் சிறிதாக்குவது. 2.7 லிட்டரை டர்போ இல்லாத அளவில் அதிக நேரம் ஓடவிட்டு, தேவைப்படும்போது மட்டும் டர்போவை எழுப்புவது. அந்தத் தேவை வராதவரை அது சிக்கனமான சின்ன இன்ஜின். சோதனைக்கூடத்தில் அது பெரும்பாலும் வருவதில்லை.

"100 மைலுக்கு 4.0 கேலன்."

பெரிய 25-க்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். என் பார்வையில் சீட்டிலேயே உருப்படியான எண் இதுதான். இதைப் பெரிதாக அச்சடித்து 25-ஐப் பொடியாக்கியிருக்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் இருவரும் 2008-ல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கேலனுக்கு மைல் என்ற கணக்கு மனிதர்களை எப்படி ஏமாற்றுகிறது என்பதே அதன் பொருள். 10 மைல் வண்டியை விட்டு 20 மைல் வண்டிக்கு மாறினால் 100 மைலுக்கு 5 கேலன் மிச்சம். 25-ஐ விட்டு 50-க்குத் தாவினாலும் மிச்சம் 2 கேலன்தான்.

பிக்கப் விவகாரத்துக்கு இது நேராகப் பொருந்தும். பெட்ரோலின் 22, டீசலின் விளம்பர 30, இந்த எட்டு மைல் வித்தியாசத்தில் கிடைப்பது 100 மைலுக்கு 1.2 கேலன். இனி, பின்னால் பெரிய ட்ரெய்லர் மாட்டி இழுக்கும்போது பெட்ரோல் 10, டீசல் 13 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே மைல் வித்தியாசம், கேட்டால் அற்பமாக இருக்கும். மிச்சம் 2.2 கேலனுக்கு மேல். விளம்பரப் பலகையில் போட முடியாத அந்த மூன்று மைலில்தான் டீசல் தன் காசைச் சம்பாதிக்கிறது.

"ஆண்டு எரிபொருள் செலவு. ஆண்டுக்கு 15,000 மைல் என்ற கணக்கில்."

டாலர் எண்ணை அச்சடித்த நாளின் விலை அனுமானத்தோடு போடுகிறார்கள். அது சீக்கிரமே பழசாகிவிடும். 15,000 மைலை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். டீசலுக்கு 600 கேலன், பெட்ரோலுக்கு 682. மிச்சம் 82 கேலன். 2018-ல் அமெரிக்கச் சராசரியில் டீசல் கேலனுக்கு சுமார் 45 சென்ட் கூடுதல் விலை. டீசல் 3.20 டாலர், பெட்ரோல் 2.75 டாலர் என்று வைத்தால் டீசல்காரர் ஆண்டுக்குக் கொடுப்பது 1,920, பெட்ரோல்காரர் 1,875. குறைவாக ஊற்றியவர் அதிகமாகக் கொடுக்கிறார். இதில் டீசல் இன்ஜினுக்காக 2.7 லிட்டருக்கு மேல் ஏறத்தாழ 4,000 டாலர் முன்கூட்டியே கட்டியிருக்கிறார்.

விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி வரி. மத்திய அரசின் எரிபொருள் வரி பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4. மீதி சந்தை. சரக்கு லாரியும் ரயிலும் குளிர்கால வீட்டுச் சூடேற்றலும் ஒரே வகை எண்ணெய்க்கு அடித்துக்கொள்கின்றன. 2022 இலையுதிர் காலத்தில் பெட்ரோல் 4 டாலருக்குக் கீழே இறங்கிய பிறகும் டீசல் 5 டாலரை ஒட்டியே நின்றது. டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவம் சீட்டின் இந்தச் செலவுக் கணக்கில் சேர்வதில்லை. சிறிய தொகைதான், ஆனாலும் செலவு செலவுதான்.

"பசுங்குடில் வாயு மதிப்பெண். புகைமூட்ட மதிப்பெண்."

பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். முதலாவதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு கேலன் டீசல் எரிந்தால் 10,180 கிராம் கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலுக்கு 8,887 கிராம் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண். 25-ஆலும் 22-ஆலும் வகுத்தால் மைலுக்கு 407-ம் 404-ம். பூமியைக் காப்பாற்ற டீசல் வாங்கினேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள இடமில்லை.

புகைமூட்டத்துக்கு ஒரு பழைய கதை. 2014 முதல் 2016 வரை விற்ற ராம் 1500 ஈகோடீசல்களில், சோதனையில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருள் இருந்ததாக அரசு குற்றம் சாட்டியது. ஜீப்பையும் சேர்த்து ஒரு லட்சம் வண்டிக்கு மேல். 2019-ல் சமரசம் முடிந்தது, 2022-ல் அவற்றைத் தயாரித்த எஃப்.சி.ஏ. யு.எஸ். நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

"உண்மை முடிவுகள் பல காரணங்களால் மாறுபடும்: ஓட்டும் சூழல், ஓட்டும் விதம், பராமரிப்பு."

சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த வரிக்குத்தான் உரை நீள வேண்டும்.

மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் முகமையின் சோதனைக்கூடம் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளைக் கம்பெனிகளே சோதிக்கின்றன. முகமை ஒரு பகுதியை மறுபடி சோதித்துச் சரிபார்க்கிறது. வண்டி உருளைமேல் நிற்கும், எதிரே விசிறி சுழலும், ஓட்டுநர் திரையில் ஓடும் வேகக்கோட்டைப் பார்த்து ஆக்சிலேட்டரை மிதிப்பார். எரிபொருளை அளந்து ஊற்றுவதில்லை. புகைக்குழாயில் வரும் கார்பனை அளந்து, எவ்வளவு எரிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். வண்டியின் எடையோடு சேர்ப்பது 300 பவுண்டு, அதாவது இரண்டு ஆள் கனம். பின்தொட்டி காலி. கொக்கியில் எதுவும் இல்லை.

அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சம் 60. 2008 மாடலிலிருந்து 80 மைல் வரை போகும் வேகச் சோதனையும், 35 டிகிரி வெயிலில் ஏசி ஓட்டமும், உறைநிலைக்குக் கீழே குளிர் ஓட்டமும் கணக்கில் சேர்ந்தன. இருந்தும் பல வண்டிகளுக்குப் பழைய நகர, நெடுஞ்சாலைச் சோதனைகளை மட்டும் ஓடி, சூத்திரத்தால் மீதியைக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. டெக்சஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே மாநிலச் சாலை 130-ன் ஒரு பகுதியில் வேக வரம்பே 85. பிக்கப்பின் முகம் செங்குத்தானது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அங்கே டீசலின் 30-ம் கிடையாது, பெட்ரோலின் 26-ம் கிடையாது.

இனி கொக்கியில் ட்ரெய்லரை மாட்டுவோம். கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் சரிவு 7 சதவீதம், உச்சி 11,000 அடிக்கு மேல். அங்கே சின்ன ஈகோபூஸ்டின் தூக்கம் கலைந்துவிடும். டர்போ முழு வேகத்தில் ஓடும். சிலிண்டரும் புகைக்குழாயும் உருகாமல் இருக்க, எரியத் தேவையானதைவிடக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்ரோல் சக்கரத்துக்கு வேலை செய்வதில்லை. டீசலுக்கு இந்தத் தண்டம் கிடையாது. அது காற்று மிகுதியிலேயே எரியும்; குறைந்த சுழற்சியில் 440 பவுண்டு-அடி முறுக்குவிசையைத் தந்துகொண்டு நிதானமாக ஏறும். சோதனைக்கூடத்தில் சமமாக நின்ற இரண்டும் பிரிகிற இடம் இது. சீட்டு பொய் சொல்லவில்லை; ஈகோபூஸ்டுக்கு மிகவும் வசதியான களத்தில் மட்டும் இரண்டையும் ஓடவிட்டது.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, இரண்டு மைலில் கடைக்குப் போய் வரும் டீசல் சூடாவதற்குள் அணைந்துவிடும். புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அதை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழிக்கும். அந்த நேரத்தில் டேஷ்போர்டு மைலேஜைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பெட்ரோல்காரருக்கும் ஒரு குறை: சீட்டு எண்களுக்கு நீண்ட காலம் அடிப்படையான சோதனைப் பெட்ரோலில் எத்தனால் கிடையாது, பங்க்கில் கிடைப்பதில் 10 சதவீதம் உண்டு. அதிலேயே ஏறத்தாழ மூன்று சதவீதம் போய்விடும்.

ஓட்டும் விதம் பற்றிச் சீட்டு சொல்வது சரி. ஆனால் டயரை விட்டுவிட்டது. பெரிய டயர் மாட்டியவரின் ஓடோமீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். வண்டி குடிக்கிறது என்று புலம்புகிறவர்களில் சிலர் கணக்கில்தான் குடி இருக்கிறது.

அடுத்த வரி சீட்டிலேயே இல்லை.

எஃப்-150-க்கு அண்ணனான எஃப்-250-ன் ஜன்னலில் விலை இருக்கும், மைலேஜ் இருக்காது. ராம் 2500, சில்வராடோ 2500 எல்லாம் அப்படியே. சுமையோடு சேர்ந்த அனுமதி எடை 8,500 பவுண்டைத் தாண்டினால் பிக்கப்புக்கு மைலேஜ் சீட்டு தேவையில்லை. 2014 மாடலிலிருந்து இவற்றுக்கும் எரிபொருள் வரம்பு உண்டு. அது கம்பெனியின் மொத்த விற்பனைக்குப் போடும் சராசரி, இழுவைத் திறனுக்குச் சலுகையோடு. வாங்குகிறவர் கண்ணில் படாது. டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு உண்மையிலேயே அர்த்தமுள்ள வகுப்பு இதுதான். சீட்டு வாயை மூடிக்கொண்டது இங்கேதான். இந்த வகுப்பில் டீசலுக்குக் கூடுதல் விலை சுமார் 10,000 டாலர்.

எஃப்-150 சேரும் பாதி டன் வகுப்பிலோ ஃபோர்டு 2021-ல் அதன் டீசலை நிறுத்திவிட்டது. 2021 மாடலாக வந்த பெட்ரோல் ஹைப்ரிட் பின்சக்கர இயக்கத்தில் 25 காட்டியது. டீசலின் அதே எண், மலிவான எரிபொருளில். மைலேஜ் சீட்டே இல்லாத பெரிய வகுப்புக்காரர் கையால்தான் கணக்கு போட வேண்டும். ஒரே பங்க்கில், முனை தானாக அணையும் இடம்வரை நிரப்பி, மைலை எழுதி, அடுத்த தடவை ஊற்றிய கேலனால் வகுப்பது. கனமான ட்ரெய்லரோடு பெட்ரோல் 8, டீசல் 11 தந்து, ஆண்டுக்கு 20,000 மைலும் இழுவையாகவே இருந்தால் மிச்சம் 680 கேலன். டீசல் 3.60, பெட்ரோல் 3.10 என்று வைத்தால் பணமாக சுமார் 1,200 டாலர். எட்டு வருஷத்துக்குச் சற்று மேல் ஆனால் கூடுதல் விலை அடையும். மறுவிற்பனையில் டீசலுக்குக் கிடைக்கும் மதிப்பைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். இழுவை வருஷத்தில் நான்கைந்து வாரக்கடைசிகள் மட்டும் என்றால், அந்தப் பத்தாயிரத்தைக் கொடுப்பது சுகத்துக்குத்தான், சிக்கனத்துக்கல்ல.