கொடுக்காப்புளிக்கு எந்த ஊர்?

நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கும் கொடுக்காப்புளி மரத்தை வெட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் எடுக்கலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. "சீமைக் கருவேலம் மாதிரி இதுவும் வெளிநாட்டு முள் மரம்தானே" என்று ஓர் உறுப்பினர் சொன்னார். வெளிநாடு என்பது உண்மை. மற்றதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1565 முதல் 1815 வரை அவர்கள் கப்பல்கள் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. மெக்சிகோவில் குவாமுச்சில், பிலிப்பைன்ஸில் காமச்சிலே. பெயரும் சேர்ந்தே கப்பலேறியிருக்கிறது. பிறகு இந்தியா வந்தது. கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட நூலில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

ஆங்கிலேயர் இதை 'மணிலா புளி' என்றார்கள், 'மெட்ராஸ் முள்' என்றும் சொன்னார்கள். தெலுங்கில் சீம சிந்த, கன்னடத்தில் சீமெ ஹுணசெ. இரண்டு பேரும் 'சீமை' என்று குறித்துவைத்திருக்கிறார்கள். நம் பேரேட்டில் மட்டும் எங்கிருந்து வரவு என்ற பதிவே இல்லை! காய் கொடுக்குப்போல வளைந்திருக்கிறது, புளிபோல இருக்கிறது, அவ்வளவுதான் நம் கணக்கு. மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். அதை யாரும் வெட்டச் சொல்வதில்லை.

மதுரையைச் சுற்றிய கிணற்றுத் தோட்டங்களுக்கு இது வேலி. மழை பொய்த்தாலும் பட்டுப்போகாது, மாடு நுழையாது, தழை ஆட்டுக்கு ஆகும். பழம் யாருக்கும் சொந்தமில்லை. பங்குனி, சித்திரையில் துரட்டியோடு போவோம். சிவந்து வெடித்த காயாகப் பார்த்துப் பறிக்கவேண்டும். பச்சையாக இருந்தால் தொண்டையைப் பிடிக்கும். நல்லதைக் கிளி நமக்கு முன்பே தின்றிருக்கும். தின்ற பிறகு கொட்டை விளையாட்டு: கறுப்புத் தோலை நகத்தால் உரிக்கவேண்டும், உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கிழிந்து வெள்ளை தெரிந்தால் தோல்வி.

தோட்டங்கள் மனைகளாயின, வேலி போய்க் காம்பவுண்டுச் சுவர் வந்தது. இப்போது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. மானாவாரி நிலத்தில் பயிராக வளர்க்கிறார்கள். போன சித்திரையில் தள்ளுவண்டியில் கால் கிலோ 60 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

தொட்டிக்குப் பின்னால் எடுத்தால் மூன்று கார் நிற்கும், அளந்து பார்த்தேன். மரம் இந்த வருஷமும் பூத்திருக்கிறது. ஓட்டுப் போடுமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். துரட்டி மோட்டார் அறையில் இருக்கிறது.