உழைச்செல்வானும் தீராநோய்ச் சிறாரும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து என்பது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, நோயுற்றவன் அருகிருந்து பேணுவோன் என்பன அவை. நான்காமவனை வள்ளுவர் உழைச்செல்வான் என்பர். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். உழைச்செல்வானுக்குரிய இயல்புகளுள் நோயாளிபால் அன்புடைமையையும் பரிமேலழகர் எண்ணுவர். நம் மருத்துவ வரலாறுகளில் ஏனைய மூன்றும் விரிவாகப் பேசப்பெற, நான்காவது உறுப்போ பெரிதும் மறக்கப்பெற்றது. தீராநோயுற்ற சிறாரைப் பேணுதல்பற்றி ஆராயுமிடத்து இக்குறை தெளிவாகப் புலனாகும்.

இவ்வரலாற்றின் ஒரு கிளை புதுக்கோட்டையில் தொடங்குகின்றது. தொண்டைமான் மன்னர் ஆட்சியிலிருந்த அந்நகரில் 1886 ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராசா கல்லூரியில் பயின்று, 1912 ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1920-களின் தொடக்கத்தில் அவர்தம் தங்கை புற்றுநோயால் மறைந்தார். கற்ற மருத்துவராயிருந்தும் தங்கையின் நோயைத் தீர்க்க அவரால் இயலவில்லை. மருத்துவராகிய அவர் உழைச்செல்வாராகவும் நின்ற காலம் அது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்னும் எண்ணம் அத்துயரிலிருந்து பிறந்தது. புற்றுநோயர் பிழையார், ஆதலின் அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் மனநிலை அக்காலத்தில் வலுவாக இருந்தது. அதனைக் கடந்து, 1952 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954 ஆம் ஆண்டு பன்னிரண்டு படுக்கைகளுடன் பணி தொடங்கிற்று. அவர்தம் மகனார் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு முழுமையாகச் சேர்ந்த சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

குழந்தைப் புற்றுநோய் அந்நாளில் பெரும்பாலும் இறப்பையே குறித்தது. 1948 ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற சிறார்க்கு மருந்தால் சில திங்கள் ஆறுதல் உண்டாதலைக் காட்டினார். அந்நோய் மீண்டது, எனினும் நம்பிக்கை பிறந்தது. இன்று நற்சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் புற்றுநோயுற்ற சிறாருட் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆயினும் தசைச்சிதைவு, மூளையைத் தேய்க்கும் பிறவிநோய்கள் முதலியவற்றால் வாழ்நாள் குறுகும் சிறார் உளர். இவர்தம் தேவை வேறு.

தணித்தல் என்னும் வினை மருந்ததிகாரத்திலேயே உண்டு. ஆங்கு அது தீர்த்தலையே குறித்ததெனினும், இன்று இரண்டும் வேறாயின. நோயைத் தீர்க்க இயலாவிடத்தும் அதன் வலியைத் தணித்தல் இயலும் என்பதே இக்காலத் தணிப்பு மருத்துவத்தின் அடிப்படை. சிசிலி சாண்டர்ஸ் 1967 ஆம் ஆண்டு இலண்டனில் நிறுவிய இல்லம் அதற்கு வழிகாட்டிற்று. சிறார்க்கெனத் தனி இல்லம் 1982 ஆம் ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் எழுந்தது. இளங்குழந்தைக்கு வலியுணர்ச்சி குறைவு என்னும் தவறான கருத்தும் நெடுங்காலம் நிலவிற்று. 1980-களில் ஆனந்த் முதலியோர் செய்த ஆய்வுகள் அதனைத் தகர்த்தன. தணிப்பு மருத்துவம் இறுதி நாளுக்கு மட்டும் உரியதன்று. நோய் அறியப்பெற்ற நாள் தொட்டு, தீர்க்கும் சிகிச்சையோடு உடனிகழத்தக்கது. குடும்பத்தைத் தாங்குதலும் அதன் கூறு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கொள்கை. உழைச்செல்வானை மருத்துவத்தின் உறுப்பாகக் கொண்ட குறட் கருத்துக்கு இஃது அயலன்று.

இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் நோயாளர்க்கும் அரிதாயிற்று. 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஓரளவு தளர்த்தியது. 1993 ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தோன்றிய இயக்கம் வீடுதேடிப் பேணும் முறையை வளர்த்தது. தமிழக அரசு 2021 ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்திலும் இல்லத்திலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை அளித்தல் இடம்பெற்றது. புதுக்கோட்டையில் 2017 ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. முத்துலட்சுமியார் கற்பதற்குச் சென்னை செல்ல நேர்ந்த ஊரில் இன்று மருத்துவமே கற்பிக்கப்பெறுகின்றது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. சிற்றூரில் நோயுற்ற மகவைப் பல்லாண்டு மடியிற் சுமக்கும் தாய்க்கு ஓய்வளிப்பார் யார்? வேலையிழக்கும் தந்தையையும், கவனிப்பாரின்றி வளரும் உடன்பிறந்தாரையும் கருதுவார் யார்? இவ்வினாக்கள் மருத்துவர்க்கு மட்டும் உரியன அல்ல. தமிழ்த்துறையார்க்கும் இதிற் பங்குண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் என வலியை வகைப்படுத்தும் சொற்கள் தமிழிற் பல. குழந்தை தன் வலியைச் சொல்லும் சொல்லும், அதனைத் தாய் அறியும் குறிப்பும் ஊர்தோறும் வேறுபடும். தாலாட்டையும் ஒப்பாரியையும் ஊரூராகத் தொகுத்த நாம், அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்களில் ஒரு தாய் பேசும் மொழியைப் பெரிதும் தொகுத்திலம். புதுக்கோட்டை வட்டார வழக்கில் இப்பணியை மாணவர் மேற்கொள்வாராயின், அது சொல்லாராய்ச்சிக்கு ஆக்கமாதலோடு, வலியுற்ற குழந்தையின் சொல் மருத்துவன் செவியிற் பொருளுடன் சேரவும் துணைசெய்யும். உழைச்செல்வானுக்கு நாம் செலுத்தத்தக்க கடன் இதுவாம்.