சின்ன ரயிலைப் படம் பிடிக்க ஆள் வரவில்லை

சினிமா பிறந்ததும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது ரயிலைத்தான். பிரான்ஸில் லா சியோட்டா நிலையத்துக்குள் ரயில் வந்து நிற்கும் லூமியர் சகோதரர்களின் 50 விநாடிப் படம் 1896-லேயே திரைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் இன்ஜினின் மூக்கிலேயே கேமராவைக் கட்டிப் படம் எடுத்தார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலும் ஓடுவது பெரிய பாதை ரயில்கள்தான். நேரோ கேஜ் ரயிலின் பழைய படச்சுருளைத் தேடிப் பாருங்கள், அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

நேரோ கேஜ் என்றதும் நமக்கு ஊட்டி ரயில் ஞாபகம் வரும். அது மீட்டர் கேஜ், 1000 மி.மீ. நான் சொல்வது அதைவிடச் சின்னது: 762, 610 மி.மீ. அளவுள்ள பாதைகள்.

ஒரு உதாரணம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் லின்டன் - பார்ன்ஸ்டபிள் ரயில் 1898-ல் தொடங்கியது. அகலம் 597 மி.மீ., நீளம் சுமார் 31 கி.மீ. இன்ஜின்களுக்கு அந்தப் பக்கத்து ஆறுகளின் பெயர்கள்: யோ, எக்ஸ், டா, லின், லியூ. சினிமாவும் இந்த ரயிலும் கிட்டத்தட்ட ஒரே வயது. 37 வருடம் ஓடி 1935 செப்டம்பரில் நின்றது. புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. நகரும் படமோ மிகச் சொற்பம்.

ஏன் இப்படி? வணிகவியல் படிக்கும் எனக்கு இது வெறும் வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது.

முதல் காரணம், சந்தை. அன்றைக்குப் படங்களை அடிக்கணக்கில் காட்சிக்காரர்களுக்கு விற்றார்கள். கூட்டம் கேட்டது வேகமான எக்ஸ்பிரஸ்களை. நேரோ கேஜ் போட்டதே செலவைக் குறைக்கத்தான். கல், கரும்பு, மரம் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் வண்டிக்காக யார் மலையேறி கேமராவைத் தூக்கிப் போவார்கள்?

இரண்டாவது, படச்சுருள். அது நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் மக்கும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பும் இல்லை. மெலியே 1923-ல் தன் நெகட்டிவ்களைத் தானே கொளுத்தினார். அமெரிக்க மௌனக் கதைப்படங்களில் முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. கதைப்படத்துக்கே இந்த கதி என்றால், ஒரு நிமிட ரயில் படத்தை யார் பாதுகாத்திருப்பார்கள்?

மூன்றாவது, கேமராவின் விலை. சாதாரண ஆள் வீட்டில் வைத்துப் படம் எடுக்க வழி செய்த 16 மி.மீ. ஃபிலிமைக் கோடக் 1923-ல்தான் கொண்டுவந்தது. அதற்குள் பஸ்ஸும் லாரியும் வந்து, சின்ன ரயில்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிட்டன. ஆர்வலர்கள் எடுத்தது பெரும்பாலும் கடைசிக் காலப் படங்கள். வாலிபத்தில் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லாத தாத்தா மாதிரி!

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். டெவன் ரயில் நின்றபின் லியூ பிரேசிலுக்குக் கப்பலேறிக் காணாமல் போனது. மற்ற நான்கும் பழைய இரும்பாயின. பிறகு ஆர்வலர்கள் அதே வகையில் 'லிட்' என்ற புது இன்ஜினைச் செய்தார்கள். 2010-ல் அது ஓடியது. இன்ஜினின் உருவத்தை வரைபடமும் போட்டோவும் சொல்லிவிடும். வளைவில் வண்டி எப்படி ஆடியது, நிலையத்தில் ஆட்கள் எப்படி ஏறி இறங்கினார்கள் என்பதை நகரும் படம்தான் காட்டும்.

நம்பிக்கை அடியோடு போய்விடவில்லை. 1994-ல் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் ஒரு கடையின் நிலவறையில் மிட்செல் - கென்யன் நிறுவனத்தின் 800-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் கிடைத்தன. இன்னும் எந்தப் பீப்பாயில் எந்த ரயில் தூங்குகிறதோ!

ஆனால் கிடைத்தால் மட்டும் போதாது. 1899-ல் எடுத்த ஒரு படத்தின் பெயர் 'கல்கத்தா காட்சி'. அதில் தெரிவதோ காசியின் படித்துறைகள்!

நம் நாட்டில் குவாலியர் - ஷியோப்பூர் 610 மி.மீ. பாதையில் 2020 மார்ச்சில் ரயில் நின்றது. அதற்கு செல்போன் வீடியோக்கள் இருக்கின்றன. அந்த வகையில் டெவன் ரயிலைவிட அதிர்ஷ்டசாலி. அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் எந்த நிலையம், எந்தத் தேதி என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். நூறு வருடம் கழித்துப் பார்ப்பவனுக்கு அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ஓடுவது எந்த ரயில் என்றே தெரியாது.