எந்த வாசலில் சொல்ல வேண்டும்? என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சியும் விழிப்புணர்வின் இலக்கும்

உலக மூளையழற்சி நாள் 2014 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 22 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. பல நாடுகளில் புகழ்பெற்ற கட்டடங்கள் அன்று சிவப்பு ஒளியில் நிற்கும். நோயின் பெயர் மக்கள் காதில் விழ அது உதவுகிறது. ஆனால், நோயாளி முதலில் போய் நிற்கும் வாசலில் இருப்பவருக்கு அந்தச் செய்தி எட்டியதா? என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் மூளையழற்சியைப் பொறுத்தவரை அந்த வாசல் பெரும்பாலும் மனநலப் பிரிவுதான். ஆகவே விழிப்புணர்வு முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பதும், அது பரப்ப வேண்டியது அறிகுறிகள் வரும் வரிசையையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2005இல் ஜோசப் டால்மாவும் உடன் ஆய்வாளர்களும் நான்கு இளம்பெண்களைப் பற்றி எழுதினர். நால்வருக்கும் மனக்குழப்பமும் நினைவிழப்பும் மூச்சுத் தளர்ச்சியும் இருந்தன. நால்வருக்கும் சினைப்பையில் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. 2007இல் அதே குழு, மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிராக உடல் தானே உருவாக்கும் எதிர்ப்பொருளே காரணம் என்று கண்டறிந்தது. டெரட்டோமாவில் நரம்புத் திசுவும் வளர்வதுண்டு. அதை அந்நியமெனக் கருதித் தாக்கத் தொடங்கும் எதிர்ப்புச் சக்தி, மூளையையும் விட்டுவைப்பதில்லை. கட்டியே இல்லாதவர்களுக்கும், ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்து தேறியவர்களுக்கும்கூட இந்நோய் வருகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எதிர்ப்பொருள் நரம்பணுவைக் கொல்வதில்லை. அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளை உள்ளே இழுக்கச் செய்கிறது. எதிர்ப்பொருள் அகன்றால் ஏற்பிகள் திரும்ப வருகின்றன. 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஐவரில் நால்வர் நல்ல நிலைக்கு மீண்டிருந்தனர். சிகிச்சையை முன்னதாகத் தொடங்கியவர்களே கூடுதலாகத் தேறினர். மீளக்கூடிய நோயில் தாமதத்தால் ஒருவர் மீளாமல் போவது பெருங்கொடுமை.

தாமதம் எங்கே நிகழ்கிறது? தலைவலி, காய்ச்சல் என்று சில நாள் இருக்கும். பிறகு தூக்கம் கெடும். சந்தேகம், பயம், இல்லாத குரல்கள் வரும். வீட்டார் மனநோய் என்றோ காத்து கருப்பு என்றோ முடிவுகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அடுத்து வலிப்பு, பேச்சுக் குறைதல், வாயும் நாக்கும் தாமாக அசைதல், உடல் விறைப்பு, இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம், மூச்சுத் தளர்ச்சி. எம்.ஆர்.ஐ. படம் பலருக்கு இயல்பாகவே இருப்பதால் “மூளையில் ஒன்றுமில்லை” என்ற பொய்யான ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது. இ.இ.ஜி.யும் தண்டுவட நீர்ப் பரிசோதனையுமே உண்மையைக் காட்டுபவை.

சூசன்னா காஹலன் என்ற நியூயார்க் பத்திரிகையாளர் 2009இல், 24 வயதில், இந்நோய்க்கு ஆளானார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார் மருத்துவர் சூஹெல் நஜ்ஜார். எண்கள் அனைத்தையும் காஹலன் வலப்பக்கத்திலேயே எழுதினார். மனநோயாகக் கருதப்பட்டது மூளையின் அழற்சி என்பதற்கு அது தடயமாயிற்று. 2012இல் அவர் எழுதிய நூலும் அதன் திரைப்படமும் நோயை உலகறியச் செய்தன. எனினும் என் வாதத்துக்குச் சான்று அவருடைய 2019 நூலில் இருக்கிறது. ஒரு மனநல மருத்துவமனையில் அவர் உரையாற்றுகிறார். கேட்ட மருத்துவர்களுக்குத் தங்கள் நோயாளி ஒருத்தியின் நினைவு வருகிறது. பரிசோதித்தால் அதே நோய். ஆனால் தவறான நோய்ப்பெயரோடு இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவள் முழுமையாக மீள வழியில்லை. அந்தப் பேச்சு உரிய இடத்தில்தான் விழுந்தது. காலம் மட்டும் கடந்திருந்தது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய்க்காக மனநோயாளிகள் எல்லோரையும் பரிசோதிப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரத்தத்தில் சிறிதளவு எதிர்ப்பொருள் நலமாக இருப்பவர்களிடமும் காணப்படுகிறது. தன்னுடல் தாக்கு மூளையழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் இவ்வகை நோய்) என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 107 பேரைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களில் சிலர் தேவையற்ற மருந்துகளின் தீங்கையும் அனுபவித்தனர். பெயரை மட்டும் பரப்பும் விழிப்புணர்வு இத்தகைய பிழையை வளர்க்கவே செய்யும். வரிசையைக் கற்பித்தால் பிழை குறையும்: முன்பு மனநலக் குறையே இல்லாத இளவயதினர், சில வாரங்களுக்குள் முற்றும் மாறிப்போதல், கூடவே வலிப்போ விந்தை அசைவோ பேச்சிழப்போ. இவை சேர்ந்திருந்தால் தண்டுவட நீரைப் பரிசோதிக்க வேண்டும். பெண்ணாயின் சினைப்பையையும் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் பிளாஸ்மா மாற்றமும் இருக்கின்றன. அவை போதாதபோது ரிட்டுக்ஸிமாப்.

மனநலப் பயிற்சி தரும் ஒவ்வொரு துறையும் இந்த வரிசையைப் பாடமாக்க வேண்டும். வீட்டாரிடம் கேட்பது இதுதான்: பிள்ளை திடீரென்று ஆளே மாறிப்போனால் கோயிலுக்குப் போங்கள், மந்திரிக்கவும் செய்யுங்கள், ஆனால் அதே நாளில் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள், காய்ச்சலும் வலிப்பும் எப்போது வந்தன என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.