மதுரை வெளி வீதியும் மறைந்த கோட்டையும்

ஓரூரின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமுமே சான்றாவன என்னும் எண்ணம் தமிழ் பயில்வோரிடையே நெடுங்காலம் வேரூன்றி நிற்கின்றது. அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் நம் கருத்தன்று. ஆயின், அண்மைக் காலத்து ஊர் வரலாற்றிற்கு அவை போதா. கடந்த இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ஓரூர் எவ்வாறு உருமாறியது என்பதை அறியப் பழைய நிலப்படங்களும், ஒளிப்படங்களும், அவ்வூரில் பிறந்து வளர்ந்தார் இளமையில் கண்டும் கேட்டும் நெஞ்சில் பதித்துள்ள செய்திகளும் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் யாது விளங்கும் என்பதனை மதுரை மாநகரின் தெருவமைப்பைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மதுரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. பரிபாடலில் அந்நகர் தாமரைப் பூவிற்கு ஒப்பிடப்படுதலும், தெருக்கள் அதன் இதழ்களாகக் கூறப்படுதலும் யாவரும் அறிந்தனவே. இவ்வுவமையை விளக்க வந்தோர் பலர், இன்றைய நகரப் படத்தை விரித்துவைத்து, திருக்கோயிலைச் சூழ்ந்து சதுரத்துள் சதுரமாய் அமைந்த ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்னும் ஐந்தையும் காட்டி, இவையே புலவர் கண்ட இதழ்கள் என முடித்துவிடுகின்றனர். வகுப்பறையிலும் இவ்விளக்கம் எளிதாக ஏற்கப்படுகின்றது. மாணவர் மனத்தில் படம் நன்கு பதிகின்றது என்பது மெய்யே. எனினும் இன்றைய படம் சங்கச் செய்யுளுக்கு உரையாகுமா என்பது ஆராயத்தக்கது. கோயில் என்னும் சொல் பழந்தமிழில் அரசன் மனையையும் குறிக்கும் என்னும் தடையை ஒருபுறம் வைப்போம். தெருக்களின் காலத்தை மட்டும் ஈண்டுக் காண்போம்.

முதற்கண் பெயர்களை நோக்குக. ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்பன திங்கட் பெயர்கள். திருவிழாக்களை ஒட்டி எழுந்தவை. சித்திரைத் தேர் இன்று மாசி வீதிகளில் ஓடுவதும், மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என மரபு கூறுவதும் இங்கு நினைவுகூரத்தக்கன. விழா இடம்பெயர்ந்தும் தெருவின் பெயர் பெயராது நின்றது. மாசி வீதியைக் கடந்து வெளியே செல்வோமாயின் திங்கட் பெயர்கள் நின்றுவிடுகின்றன. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட்டு வீதி, வெளி வீதி எனப் பெயர்கள் வேறு இயல்பினவாகின்றன. ஒன்று தமிழ்நாட்டு மேற்பார்வையாளர் ஒருவரின் பெயர். மற்றொன்று ஆங்கில நில அளவையாளர் ஒருவரின் பெயர். மூன்றாவது, எதற்கோ வெளியே உள்ளது என்று மட்டும் சொல்லி நிற்பது. எதற்கு வெளியே?

இவ்வினாவிற்கு நிலப்படங்கள் விடை தருகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலக் கும்பெனியார் மதுரையைப் பலமுறை முற்றுகையிட்டனர். யூசுப் கான் காத்து நின்ற 1763–64ஆம் ஆண்டு முற்றுகை அவற்றுள் பெயர் பெற்றது. அக்காலத்துப் படைப் பொறியாளர் வரைந்த கோட்டைப் படங்களில் மதுரை, இரட்டை மதிலும் கொத்தளங்களும் சுற்றிலும் அகழியும் உடையதொரு நகரமாகத் தோன்றுகின்றது. விசுவநாத நாயக்கர் எழுப்பியது எனப்படும் கோட்டை இதுவே. கொத்தளங்கள் 72 என்றும், அவை 72 பாளையக்காரர்க்குப் பகுத்தளிக்கப்பட்டன என்றும் வழக்கு உண்டு. 1835இல் டெய்லர் வெளியிட்ட கையெழுத்துச் சுவடித் தொகுப்பு முதலிய நூல்களின் வழியாக இம்மரபு ஆங்கிலம் பயின்றாரிடையேயும் பரவிற்று. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, மதில் இருந்தது என்பதிலும், அதன் சுவட்டை ஒட்டியே இன்றைய வெளி வீதிகள் செல்கின்றன என்பதிலும் ஐயமில்லை.

நிலப்படம் வரைந்தவன் நோக்கத்தை நாம் மறத்தல் கூடாது. மதிலின் உயரமும், அகழியின் அகலமும், பீரங்கி வைத்தற்கேற்ற மேடும் அவனுக்கு வேண்டுவன. உள்ளே வாழ்ந்தவர் தம் தெருவை எப்பெயரால் அழைத்தனர் என்பது அவனுக்கு வேண்டுவதன்று. எனவே மதிலுக்கு அப்படங்கள் நல்ல சான்றாவன. மதிலுக்குள் இருந்த வாழ்க்கைக்கு ஆகா.

மதில் எப்பொழுது மறைந்தது? 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில், 1840ஐ அடுத்த ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. நகரம் பெருகி உள்ளே நெருக்கம் மிக்கது. அகழியோ நோய்க்கு இடமாய்த் தேங்கிக் கிடந்தது. அரசாங்கம் பெரும்பொருள் செலவிட விரும்பவில்லை. ஆகவே மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பார்க்கு அந்நிலத்திலேயே மனை வழங்கப்படும் என்னும் ஏற்பாடு செய்யப்பட்டது. மதிலின் கல்லும் மண்ணும் அகழியை நிரப்பின. நிரம்பிய நிலம் தெருவும் மனையும் ஆயிற்று. இப்பணியை மேற்பார்த்த மாரட்டு, பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயர்களே அத்தெருக்களில் நிலைத்தன. பிளாக்பர்னுக்கு நகரமக்கள் எடுப்பித்த விளக்குத் தூணால் அப்பகுதியே விளக்குத்தூண் எனப் பெயர் பெற்றது. பாண்டியர் பெயரோ நாயக்கர் பெயரோ இன்றி ஒரு மேஸ்திரியின் பெயர் நான்கு மாடக்கூடலின் தெருவொன்றில் நின்று விளங்குதல் நமக்கு மகிழ்ச்சி தருவதே.

இனி ஒளிப்படங்களுக்கு வருவோம். ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அது மதுரைக்கு வந்து சேர்வதற்குள் மதில் வீழ்ந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயசு திரைப் என்பார் 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையைப் படமெடுத்தார். அவர் வெளியிட்ட மதுரைக் காட்சித் தொகுதிகளில் திருக்கோயில், புதுமண்டபம், முற்றுப்பெறாத இராயகோபுரம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம், வையையாறு ஆகியன உள்ளன. பிளாக்பர்ன் நினைவுத் தூணும் உள்ளது. மதிலை அகற்றியவரின் நினைவுத் தூணைக் காட்டும் அத்தொகுதிகளில் முழு மதிலைக் காண வழியில்லை. பத்தாண்டு பின்னர் லயன் என்பார் எடுத்த படங்களின் நிலையும் அதுவே. ஆகவே நிலப்படத்தில் மதிலோடும் ஒளிப்படத்தில் மதிலின்றியும் மதுரை நமக்குக் கிடைக்கின்றது. இடைப்பட்ட மாற்றத்தைக் கண்டவர் உண்டு. காட்டும் படம் இல்லை. நம் மனத்தில் பதிந்துள்ள பழைய மதுரை என்பது பெரிதும் ஒளிப்படத்தின் மதுரையே என்பதால், மதிலற்ற நிலையையே தொன்றுதொட்ட நிலையாக நாம் கொண்டுவிடுகின்றோம்.

திரைப்பின் படங்களைச் சான்றாகக் கொள்வார் அறியவேண்டுவன வேறு இரண்டு உண்டு. அவர் கையாண்டது மெழுகூட்டிய தாள். அத்தாளில் படம் பதிய நெடுநேரம் ஆகும். அசையாது நிற்பன மட்டுமே அதில் தெளிவாய்ப் பதியும். நடந்து செல்வோரும் வண்டிகளும் மறைந்துபோவர், அல்லது மங்கல் புகையாய் நிற்பர். இதனை அறியாதார் அப்படங்களைக் கண்டு, அக்காலத்து மதுரை ஆளரவமற்றுக் கிடந்தது எனக் கொள்ளுதல் கூடும். அது கருவியின் குறையேயன்றி ஊரின் நிலையன்று. மற்றொன்று, அவர் வந்தது தெப்பத் திருவிழாவை ஒட்டிய காலம். தைப்பூசத் தெப்பத்திற்கென நீர் பாய்ச்சப்படும் குளத்தை அக்காலத்துப் படம் ஒன்றைக் கொண்டு ஆண்டு முழுதும் நிறைந்திருந்தது எனல் பொருந்தாது. எம் இளமையில் அக்குளம் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. சிறுவர் அதனுள் இறங்கிப் பந்தாடினர். அதனை நோக்கிக் குளம் என்றுமே வறண்டது எனல் எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை படத்தை மட்டும் நம்புதலும்.

மூன்றாவது சான்றாகிய இளமை நினைவு எவ்வளவு நம்பத்தக்கது? ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை. முதியோர் நினைவில் காலங்கள் ஒன்றன்மேலொன்று படிந்துவிடும். எம் பாட்டியார்க்கு மதுரையில் பழமையானவை யாவும் திருமலை நாயக்கர் கட்டியவையே; புகைவண்டி நிலையம் ஒன்றே அவரால் நாயக்கர்க்கு அளிக்கப்படாதது. ஆண்டையும் அரசனையும் அறிய நினைவை நாடுதல் வீண். ஆனால் பெயரையும் இடத்தையும் நிலத்தின் இயல்பையும் நினைவு விடாது பற்றி வைத்திருக்கின்றது.

ஈண்டு எம் நினைவு ஒன்றைக் கூறுதல் பொருந்தும். யாம் பத்து வயதினராய் இருந்தபொழுது, மேல வெளி வீதியை அடுத்த சந்து ஒன்றில் எம் உறவினர் பழைய வீட்டை எடுத்துப் புதிது கட்டத் தொடங்கினர். கடைக்காலுக்குத் தோண்டியவிடத்துக் கெட்டி மண் தட்டுப்படவே இல்லை. ஆள் உயரத்திற்கு மேல் தோண்டியும் உடைந்த செங்கல், சுண்ணாம்புக் காரை, ஓடு, கருங்கற் சில்லு என்பனவே வந்தன. முதிய கொத்தனார் குழியினுள் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, இது கொட்டிய மண், இந்த வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும், இரண்டு தெரு உள்ளே போனால் நல்ல மண் வரும் என்றார். அவர் பிளாக்பர்ன் பெயரைக் கேட்டவரல்லர். நிலப்படம் எதனையும் கண்டவருமல்லர். அவர் கூறிய வரிசை அகழியின் வரிசை என்பதைப் பல்லாண்டு கழித்து முற்றுகைப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒருங்கு வைத்து நோக்கியபொழுதே உணர்ந்தோம். கொத்தனார் தொழிலில் வழிவழியாக வரும் இத்தகைய அறிவைத் தொகுத்தெழுதுவார் இல்லாமை பெருங்குறை.

பெயர் வழக்கும் அத்தகையதே. கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று நகரப் பேருந்தின் நடத்துநர் நாள்தோறும் கூவக் கேட்டு வளர்ந்தோம். அங்கெல்லாம் வாயில் ஏது என்று வினவியவர் எம்முள் எவருமில்லை. மேற்கே பேருந்து நிலையத்தருகில் எஞ்சி நிற்கும் கொத்தளப் பகுதி ஒன்றே அவ்வினாவிற்குக் கண்ணெதிர் விடையாக நின்றது. தஞ்சையில் கீழ அலங்கம், மேல அலங்கம் என மதிலின் உறுப்பே தெருப்பெயராய் நிற்பதையும், திருச்சியில் மதில் போயும் வாயில் ஒன்று நிற்பதையும் இதனோடு ஒப்பிட்டுக் காண்க. மதில் இடிந்த மூன்று ஊர்களும் அதனை மூவேறு வகையால் நினைவில் வைத்துள்ளன.

இனித் தாமரை உவமைக்கு மீள்வோம். வெளி வீதி 1840க்குப் பிற்பட்டது என்பது தெளிவாகலின் ஐந்து சதுரங்களுள் புறச்சதுரம் சங்ககாலத்தது ஆகாது. மாசி வீதியின் நிலையும் ஐயத்திற்குரியதே. நாயக்கர் தம் பெருங்கோட்டையை எழுப்பியபொழுது பாண்டியர் பழங்கோட்டையில் இடியாது விட்ட வாயில் எனக் கூறப்படும் விட்டவாசல், அம்மன் சன்னிதிக்குக் கிழக்கே, மாசி வீதிக்கு உட்பட்ட இடத்தில் நிற்கின்றது. அம்மரபு மெய்யாயின் பாண்டியர் இறுதிக்காலத்து மதில் மாசி வீதிச் சதுரத்திற்கு உள்ளடங்கியதாகும். மாசி வீதி இன்றைய வடிவு பெற்றது பதினாறாம் நூற்றாண்டில் கோட்டை விரிந்த பின்னரே எனக் கொள்ளவேண்டும். எஞ்சிய சதுரங்களும் பிற்காலத் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு அமைந்தவை. அக்கோயிற் கட்டடங்களின் இன்றைய உருவில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தது என்பது அறிஞர் ஒப்ப முடிந்தது.

இவ்வாறாயின் உவமை பொய்யோ எனின், அன்று. மையம் ஒன்றைச் சூழ்ந்து தெருக்கள் அமைந்த நகரத்தைப் புலவர் கண்டிருத்தல் இயல்பே. மதுரைக்காஞ்சி அகழியையும் மதிலையும் வாயிலையும் கூறுதலால் அக்காலத்தும் அது அரணுடைய நகரமே. அவ்வரண் யாண்டு இருந்தது, எவ்வளவினது என்பதை வெளி வீதியைக் காட்டி முடிவு செய்தலையே மறுக்கின்றோம். 2015 முதல் கீழடியில் நிகழ்ந்த அகழாய்வுகள் வையைக் கரையின் பழங்குடியிருப்பு பற்றிய வினாக்களை மேலும் விரித்துவிட்ட இந்நாளில், நகர நடுவில் அகழாய்வுக்கு இடமரிது என்னும் நிலையில், கட்டட வேலைக்காகத் தோண்டப்படும் ஒவ்வொரு கடைக்காற் குழியும் நமக்குச் சான்றாதல் கூடும். முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டு முயன்று, மாரட்டு வீதி தொடங்கி வெளி வீதி வரை தோண்டும் இடங்களில் மண்ணின் தன்மையையும் ஆழத்தையும் குறித்து, வீட்டுப் பழம்பத்திரங்களில் மனையின் எல்லை எவ்வாறு கூறப்படுகின்றது என்பதனையும் உடன் தொகுப்பாராயின், அகழியின் வரம்பை நிலப்படத்தின் உதவியின்றியே வரைந்துவிடலாம். பழைய பத்திரங்களுள் அகழியையோ மதிலையோ எல்லையாகக் காட்டுவன உளவா என்பதே அவர்கள் முதலில் தேடவேண்டுவது.